வாய் வைக்காத சோறு

"அந்தம்மாவ உள்ள மட்டும் விட்டுடாத முத்தாயி. விட்டா, நாலு நாயக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றான் உத்திராபதி.

கம்பி கேட்டுக்கு வெளியே இன்னாசிமேரி நின்றுகொண்டிருந்தாள். வரதராஜன்பேட்டையில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முந்தாநாள் வரைக்கும் அவளுடைய இரண்டு அறை வீட்டுக்குள் முப்பதுக்கு மேல் நாய்கள் அடைந்து கிடந்தன. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் கொடுத்தது. ஆண்டிமடத்துக்கு வெளியே முந்திரித் தோப்பில் நாய்க் காப்பகம் நடத்தும் உத்திராபதிதான் வேன் எடுத்துப் போய் அத்தனையையும் ஏற்றி வந்தான். எலும்பும் தோலுமாக அவை நின்ற கோலம் இன்னும் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நேற்றும் அவள் பஸ் ஏறி வந்து நின்றாள். இன்றைக்கும் அதே இடம்.

"ஒரே ஒரு தடவை தம்பி. சோறு வைக்கிற நேரத்துல..."

"நீங்க பட்டினி போட்டதெல்லாம் போதும். கெளம்புங்க."

அவளை விரட்டினானே தவிர, அவனுக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். வந்ததிலிருந்து அந்த நாய்கள் ஒரு பருக்கை தொடவில்லை. கறிக்கடை ஜமால் பாய் காசு வாங்காமல் அனுப்பிய கோழிக்கறியைப் போட்டுக் குழைய வேகவைத்த சோறு. தட்டு வைத்தால் வருகின்றன. முன்னால் உட்காருகின்றன. அப்புறம் ஆள் முகத்தையே பார்க்கின்றன. அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்து, நோய் ஒன்றுமில்லை, ஆனால் இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் இரண்டு மூன்று தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எச்சி ஒழுகுதுண்ணே. பசி இல்லாமயா?" என்றாள் சமையல் பார்க்கும் முத்தாயி. "என் சோத்துலதான் ஏதோ கொறையோ என்னவோ."

"உன் சமையலுக்கு என்ன கொறை?"

"வேலைக்குச் சேந்து இப்பதான் ஒம்ம வாயிலேர்ந்து அது வருது. அதுக்கு இதுங்க பட்டினி கெடக்க வேண்டியிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. முத்தாயி கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, நாயி செத்தப்புறம் அந்தம்மாவத் திட்டி என்ன ஆவப்போவுது? நான் தொறக்குறேன். கோவமிருந்தா நாளைக்கு என்னைய நிப்பாட்டிருங்க."

பதிலுக்குக் காத்திராமல் போய்த் திறந்துவிட்டாள்.

இன்னாசிமேரி உள்ளே வந்ததும் அந்த நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு அவள்மேல் பாய்ந்தன. அவள் எதையும் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. "தட்டுகிட்ட" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் ஒவ்வொன்றாகத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார ஆரம்பித்தன.

அவள் கைகூப்பி ஜெபத்தைத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, இன்னைக்கும் எங்களுக்குச் சோறு குடுத்தீங்களே. இதச் சமைச்ச கைய ஆசீர்வதியும். குடுத்த மனச ஆசீர்வதியும்..."

ஜெபம் நீண்டது. சொன்னதையே திரும்பவும் சொன்னாள். 'உயிர் போற நேரத்துல இவ்வளவு பெரிய ஜெபமா' என்று உத்திராபதி பல்லைக் கடித்தான். அப்போதுதான் நாய்களைப் பார்த்தான்.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவை ஒன்றும் அசையவில்லை. வாயிலிருந்து எச்சில் கோடாக இறங்கி மண்ணைத் தொட்டது. விலா எலும்பு ஏறி இறங்கியது. ஆனால் ஒரு மூக்குகூடத் தட்டைத் தொடவில்லை. முத்தாயியின் கரண்டி வாளிக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது.

இன்னாசிமேரி கண்ணைத் திறந்து எங்கோ ஒரு மூலையைப் பார்த்தாள். நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று சிலுவை வரைந்துகொண்டாள்.

"ஆமென்."

அத்தனை தலையும் ஒன்றாகக் குனிந்தன. தோப்பு முழுக்க நாக்குச் சத்தம் மட்டும்தான். உத்திராபதி எத்தனை வருஷமாக நாய்களோடு கிடக்கிறான். இப்படியொன்றை அவன் பார்த்ததில்லை.

தட்டுகள் காலியானதும் அவன் அவளிடம் போனான்.

"எத்தன நாயத் திருப்பிக் கேக்கப் போறீங்க?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. யாரு குட்டியக் கொண்டாந்து விட்டாலும் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்புதான். இங்க அதுங்களுக்கு வயிறு நெறையும். இந்தப் பழக்கத்தச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். சொல்லவே விடலையே நீங்க."

அவன் தலை குனிந்தான்.

"ஜெபத்தச் சொல்லிக் குடுங்க டீச்சர். நானே சொல்றேன். கொஞ்சம் சுருக்கமா மட்டும் இருக்கட்டும். பாவம், பசியோட காத்துக் கெடக்குதுங்க."

"வார்த்தை எதுவா இருந்தாலும் சரி தம்பி, சுருக்கிடாதீங்க" என்று மூலையைக் காட்டினாள் இன்னாசிமேரி. "அந்தா பாருங்க, ரெண்டு கண்ணும் தெரியாத கெழட்டு நாயி. அது மோந்து மோந்து தன் தட்டுக்கு வந்து சேர்ற வரைக்குந்தான் என் ஜெபம்."