ரயில் பார்க்க வந்த சம்பந்தி

‘கேங்மேன்’ என்று நான் எழுதியிருந்த சொல்லை அவர் பேனாவால் இரண்டு தரம் அடித்தார்.

நாற்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். மகள் வேதமணியின் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை என் கையாலேயே எழுதியிருந்தேன். அடித்தவர் மாப்பிள்ளையின் தகப்பனார் தேவஇரக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை.

“ரயில்வேன்னு மட்டும் போடும் வே. கேங்மேன்னா கடப்பாரைல்லா ஞாபகம் வரும்.”

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஆற்று மணல் ஒட்டிவிடுமோ என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

ரயில் பாலத்தை ஒட்டிய ஆற்று மணலில் நின்றோம். இருபத்திரண்டு வருஷமாக நான் தண்டவாளக் கட்டை மாற்றி, போல்ட் முறுக்குகிற பாலம் இது. ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு டூட்டி. அதனால் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சோற்று வாளியோடு வேதமணியே அவரைக் கூட்டிவந்திருந்தாள். பத்திரிகையைப் பார்த்த கையோடு, வெள்ளைக்காரன் பாலத்தில் ரயில் போவதையும் பார்க்கவேண்டுமாம்.

ரயில் பார்க்க வருகிறவர்களை எனக்குத் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்ப்பார்கள். போல்ட் முறுக்குகிறவனை ஒருவரும் பார்த்ததில்லை.

இருந்தும் தலையாட்டி வைத்தேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தரம் வாசித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கும் ஆட்சேபனை இல்லையென்றால் கல்யாணம்தான். இருபத்தாறு வயது மகளை வைத்திருப்பவனுக்கு வாய் எதற்கு?

விசில் கேட்டது.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள்.

தேவஇரக்கம் சிரித்தார். “பாலம் இடிஞ்சி விழுந்துரும்னு ஓடுதாளுவளோ? வெள்ளைக்காரன் கட்டுனது வே. உம்ம ஆளுக கட்டியிருந்தா நானும் ஓடியிருப்பேன்.”

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

“அங்க நின்னா என்ன தெரியும் மாமா?” என்றாள் வேதமணி. “தண்டவாளத்துக்கு நேர் கீழ வந்து நில்லுங்க. கட்டைச் சந்து வழியா அம்புட்டும் தெரியும்.”

அவள் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்து நான் கேட்டதில்லை.

அவர் போய் நின்றார். பத்திரிகைத் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, மேலே பார்த்தார். வேதமணி பத்தடி தள்ளி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

என்னால் ஒரு சத்தம் கொடுத்திருக்க முடியும்.

எழுத்துக் கூட்டப் பழகிய புதிதில், ரயில் பெட்டிக்குள் நான் முதன்முதலாக முழுசாகப் படித்த வாசகம் ஒன்று உண்டு. ‘வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறையை உபயோகிக்கக் கூடாது.’ ஜனங்கள் ஒழுங்காக அடக்கிக்கொள்வார்கள். வண்டி கிளம்பினால் அடுத்து வருவது இந்தப் பாலம்தான்.

பாசஞ்சர் தடதடத்துப் போனது. நாலாவது பெட்டியின் கழிப்பறையில் யாரோ இருந்தார்.

சத்தம் அடங்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினார். என் துண்டைக் கொடுத்தேன். கேங்மேன் துண்டு. மறுபேச்சில்லாமல் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நடந்தார்.

“போச்சேட்டி, மூணாவது ஓலை” என்றேன்.

“அது காலையிலேயே போச்சுப்பா. கேங் ஆளுக ஒருத்தனும் பந்திக்கு வரப்படாதுன்னு கோயில் வாசல்ல வச்சே சொன்னாரு. நேரே சபை ஐயர்கிட்டப் போயி, ஓலைய நிப்பாட்டுங்கன்னு சொல்லிட்டுத்தான் வாரேன்.”

“பொறவு எதுக்குட்டி இவர இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?”

வேதமணி வாளியைத் திறந்து சோற்றை எடுத்து வைத்தாள்.

“ரயில் பாக்கணும்னாரேப்பா.”