அறுபத்திரண்டு நாடுகளின் துப்பாக்கி

மனிதகுலம் எதிலும் ஒன்றுபட்டதில்லை. அந்த ஸ்னைப்பர் துப்பாக்கியில் ஒன்றுபட்டது. அறுபத்திரண்டு நாட்டு ராணுவங்கள் பேண்டு வாத்தியம் முழங்க அதை ஏற்றுக்கொண்டன. கடுங்குளிரில், தோட்டாவை உள்ளே தள்ளும் அதன் போல்ட் இறுகிக்கொள்ளும் என்பதை மட்டும் எந்த நாடும் வெளியே சொல்லவில்லை. அதை இளக்க அறுபத்திரண்டு நாட்டுச் சிப்பாய்களும் தனித்தனியே கண்டுபிடித்த வழி ஒன்றேதான். அதன்மேல் சிறுநீர் கழிக்க வேண்டும்.

பனிமலை முகட்டில் படுத்திருந்த ஹவில்தார் இருதயராஜ் போல்ட்டை இழுத்தான். அசையவில்லை. எதிர்முகட்டில் இருந்த எதிரியிடமும் அதே துப்பாக்கிதான். அவனும் இழுத்து இழுத்துப் பார்ப்பது லென்ஸில் தெரிந்தது.

"அவனுக்கும் இறுகிடுச்சுண்ணே," என்றான் பைனாகுலரோடு பக்கத்தில் கிடந்த காசிலிங்கம். "யாருக்கு முதல்ல இளகுதோ அவன் பொழைச்சான்."

"தெரியும்டா."

"ஐயோ, பேண்ட் பட்டனைக் கழட்டுறான். நீங்களும் ஆரம்பிங்கண்ணே!"

இருதயராஜும் கழற்றினான். கண்ணை மூடி, தெரிந்த அருவிகளையெல்லாம் நினைத்துப் பார்த்தான்.

"டேய், பிளாஸ்க்ல டீ மிச்சமிருக்கா?"

"நாமதானே முழுசாக் குடிச்சோம்."

"அப்ப நீயாவது வாடா!"

காசிலிங்கம் பின்னாலிருந்த பாறையைத் திரும்பிப் பார்த்தான். டீ குடித்த கையோடு இருவரும் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.