மூன்றாவது தட்டு

யூதர் தெருவில் எல்லோரையும் காலை ஜெபத்துக்கு எழுப்புவது கிழவர் ஸெலிக்தான். மரச்சுத்தியலால் ஒவ்வொரு கதவிலும் மூன்று தட்டு தட்டுவார். தெருவில் யாராவது இறந்திருந்தால் இரண்டோடு நிறுத்திவிடுவார். மூன்றாவதுக்குக் காத்திருந்து, அது வராதபோது வீடுகள் புரிந்துகொள்ளும்.

புதுத் தலைவரின் படம் தபால் ஆபீஸில் ஏறிய பிறகு, சிப்பாய்களும் அதே விடியற்காலை நேரத்தில் கதவுகளைத் தட்டி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"நீங்க தட்டினாலே பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில ஓடி ஒளியுதுங்க. விட்டுடுங்க, ஸெலிக்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். ஸெலிக் சுத்தியலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுவாரம் விடியற்காலையில் அவர் கதவையே யாரோ தட்டினார்கள். நாற்பது வருஷத்தில் அவரை யாரும் எழுப்பியதில்லை. இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டபடியே கதவைத் திறந்தார். வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள்.