இன்னொரு டிஸ்க்

"என்ன மாப்ள, இப்பவாவது ஏதாவது வருதா?"

கட்டிலிலிருந்து மாமா கேட்டார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"கறுப்புத் திரைதான் மாமா. மூலையில ஒரு கோடு மட்டும் கண்ணடிச்சுக்கிட்டு நிக்குது" என்றான், அவர் மனைவியின் தம்பி.

விண்டோஸுக்குப் பதிலாக, பழைய மெஷினிலும் வேகமாக ஓடும் லினக்ஸைப் போடுகிற டிஸ்க் அது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டால் மனைவி வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துப் பிழைத்துக்கொள்வாள் என்பது மாமாவின் திட்டம். தனக்குப் பிறகு என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், டாக்டர் போன மாதமே கையை விரித்துவிட்டார்.

ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் பிரித்து மேய்ந்த மனுஷர், சொந்த வீட்டு மெஷினை எழுந்து தொட முடியாமல் கிடந்தார். அவர் சொல்லச் சொல்ல அக்காதான் செய்தாள்.

செய்த லட்சணம்தான் ஊரறிந்தது! முதல் டிஸ்க்கை முறையாக பர்ன் செய்யாமல் வெறும் ஃபைலாகக் காப்பி செய்து வைத்தாள். அடுத்ததைத் தரையில் போட்டு மிதித்தாள். அதற்கடுத்ததைத் தம்பியே எழுதி, ஆபீஸ் மெஷினில் ஓட்டியும் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தான். அன்றைக்கு, எந்த டிரைவிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்கிற பூட் வரிசை தலைகீழாக மாறிக் கிடந்தது. மாமா மட்டும் சலிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ராத்திரியெல்லாம் யோசித்துக் காலையில் ஒரு புது வழியோடு கண் விழித்தார்.

"உங்கக்காவுக்கு எது சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடறா, மாப்ள."

"எனக்கு டைப் அடிக்கத்தாங்க தெரியும். உள்ள இருக்கிற சமாசாரமெல்லாம் நான் எங்க கண்டேன்?" அக்கா அவர் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாமே, அவருக்கு மூச்சு வாங்குதுடா."

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு நாளைக்குன்னே தள்ளிக்கிட்டு இருந்தா எப்படிக்கா?"

"அவளை விடு. பூட் லிஸ்ட்டைப் பாரு. டிவிடி டிரைவ் மொதல்ல நிக்குதா?"

"லிஸ்ட்லயே இல்ல மாமா."

"நேத்து இருந்துச்சே! பட்டனை அமுக்கினா தட்டு வெளிய வருதா?"

"வருது."

"அப்ப கரண்டு போகுது. டேட்டா கேபிள்தான் கழண்டிருக்கு. மூடியைத் தொற, மாப்ள!"

மாமா தலையணையை விட்டு நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார். எலும்பும் தோலுமான அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். இன்றைக்கு எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும், மனுஷர் கண்ணால் பார்த்துவிடட்டும் என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

மேசைக்கு அடியில் நுழைந்து மூடியைக் கழற்றினான். மாமா சொன்னது சரிதான். கேபிள் தனியாகத் தொங்கியது. ஆனால் அது தானாகக் கழலும் சாதியில்லை. கிளிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு யாராவது இழுத்தால்தான் வரும்.

யோசித்தபடியே அதைச் செருகப் போனான். அவன் கைமேல் இன்னொரு கை விழுந்தது. அக்கா பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"செருகாதடா" என்றாள் காதோடு காதாக. "இது ஓடுறதைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு என் கையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. அந்த ஒரு பிடியிலதான்டா உசிரு நிக்குது."

"என்ன மாப்ள, கேபிள்தானே?"

அவன் கேபிளை அப்படியே தொங்கவிட்டு மூடியைப் போட்டான். "இல்ல மாமா, டிரைவே போயிடுச்சு" என்றான். "இந்த மாடல் கிடைக்கிறது கஷ்டம்... தேடணும், நாளாகும்."