ஒரே இழுப்பு

மாளவிகாவின் வலது உள்ளங்கையில் கயிறு அழுத்திய சிவப்புத் தடம் இன்னும் மறையவில்லை. எலியேசருக்கு அது ஒன்றே போதும்.

"எழுதிக்கோங்க சார். என் பையன் மண்ணைக் கிளறுற டில்லர் மெஷினோட பிளேடுக்குள்ள கையை விட்டிருக்கான். இவ ஸ்டார்ட்டர் கயிறை இழுத்து மெஷினை ஓட விட்டுட்டா" என்றார் போலீஸ்காரரிடம்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே ஆரோனுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. மூன்று விரல்கள் போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சிறுசேரியில் நாள் முழுக்கக் கீபோர்டு தட்டிச் சம்பாதிக்கிற கை.

மகன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷமாகியும் அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இன்றைக்கு அவளைக் கம்பி எண்ண வைக்காமல் விடுவதில்லை என்று நின்றார்.

"மெஷின்ல எதுனா கோளாறு கீதா சார்?"

"கோளாறா? காலையில இவங்க டிபன் சாப்பிட்டுட்டு இருந்தப்போ, நானே அதை ரெடி பண்ணி வெச்சிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன். ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும்!"

போலீஸ்காரர் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"என் வீட்டுக்காரர்தான் சார் இழுக்கச் சொன்னார்." என்றாள் மாளவிகா. "காலையில ஓட்டுறப்போ, தோட்டத்துல மண்ணுக்குள்ள கிடந்த பழைய கொசுவலை பிளேடுல சுத்திக்கிச்சு. டிபனை முடிச்சிட்டு வந்து எடுத்தோம். நான் கயிறை இழுத்தா பிளேடு கொஞ்சம் திரும்பும், அவர் சிக்கைப் பிரிப்பார். எப்பவும் இப்படித்தான். இன்னிக்கு ரொம்ப இறுகிக் கிடந்துச்சு. வேகமா இழுன்னார்."

"கேட்டீங்களா சார்? அவ வாயாலேயே சொல்றா!"

"ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிட்டா இன்ஜின் எப்படி மாமா ஸ்டார்ட் ஆகும்? அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்காம அவர் பிளேடு பக்கமே போக மாட்டார். இன்னிக்கும் சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே கழட்டிட்டார். திரும்பி வந்து உட்கார்றப்போ பையைத் தொட்டுப் பார்த்தார். நான் பார்த்தேன்."

"பொய்! வாய் கூசாமப் பொய் சொல்றா இவ."

நர்ஸ் வந்தார். "ஆரோன் கூட வந்தவங்க யாரு? இது அவரோட சட்டை. வெட்டித்தான் எடுத்தோம்."

பிளாஸ்டிக் கவரை எலியேசர் பிடுங்கிக்கொண்டார். ரத்தம் காய்ந்த சட்டை. பையில் ஏதோ கனத்தது. விரலை விட்டு எடுத்தார். கரி பிடித்த பழைய ப்ளக்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாருங்க மாமா, இதோ இருக்கு! அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆச்சு? எனக்குப் புரியவே இல்லையே" என்று மாளவிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லு சார், எழுதணும்" என்றார் போலீஸ்காரர்.

எலியேசர் மருமகளின் கையை எட்டிப் பிடித்தார். அந்தச் சிவப்புத் தடத்தை விரலால் தடவினார்.

"இடம் காலியா இருக்கேன்னு, டப்பாவுல இருந்த புது ப்ளக்கை நான்தாம்மா மாட்டிட்டுப் போனேன்."