மிஷினே போதும்

ஆரிபா கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கட்டிலருகே வந்ததும், குப்புறப் படுத்திருந்த சண்முகவள்ளியம்மா தலையைத் தூக்கிச் சொன்னார்.

"வேண்டாங்க கண்ணு. எனக்கு மிஷினே போதும்."

ஆரிபாவுக்குச் சுருக்கென்றது. ஊற்றிய எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டில் துடைத்தாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த பிசியோதெரபி சென்டருக்கு ரோபோ வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு வெள்ளைக் கை. முதுகை கேமராவால் பார்த்து, வலிக்கிற இடமாகத் தேடி அமுக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று ஆரிபாதான் செட் பண்ணுவாள். ரோபோ கால் மணி நேரம், அப்புறம் ஆரிபாவின் கை பத்து நிமிஷம். டாக்டர் ராயப்பராஜ் போட்ட ஏற்பாடு அது.

மற்றவர்கள் எல்லாம், "மிஷின் கெடக்கட்டும், நீ செத்த நேரம் கூட அமுக்கி விடும்மா" என்பார்கள். இந்த அம்மா மட்டும்தான் இப்படி.

சண்முகவள்ளியம்மா ஆயக்குடிக்காரர். கொய்யாக் கூடை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. வாரா வாரம் வியாழக்கிழமை பஸ் ஏறி வருவார். ரோபோ வருவதற்கு முன்னால் மூன்று மாசம் ஆரிபாவின் கையால்தான் வைத்தியம். அப்போதெல்லாம் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்த வியாழனும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த வியாழனும்.

ரிசப்ஷனில் இருக்கும் கீர்த்தனா சிரித்துக்கொண்டே சொன்னாள். "இது கூடவா ஒனக்குப் புரியல? மிஷினுக்குச் சாதி மதம் கெடையாதுல்ல."

அந்த வார்த்தை ஆரிபாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் மூன்று மாசமும் வேறு வழியில்லாமல்தான் என் கையைச் சகித்துக்கொண்டு படுத்திருந்தாரா? வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கண்ணு கண்ணு என்று கூப்பிட்டதெல்லாம் சும்மாவா?

போதாததற்கு டாக்டரும் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டார், எல்லாரும் அந்த அம்மா மாதிரி மிஷினே போதும் என்று சொல்லிவிட்டால் உனக்கு இங்கே என்ன வேலை இருக்கும் என்று.

அடுத்த வியாழக்கிழமை சண்முகவள்ளியம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார். ஆரிபா ரோபோவை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"மிஷின் ரிப்பேரும்மா. வேணும்னா கையால பண்ணி விடுறேன்."

சண்முகவள்ளியம்மா அவள் கையைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த வாரம் வாரேன் கண்ணு."

படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த ஆரிபா, இம்புட்டு வலியிலும் வீம்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வாரமும் வந்தார். மறு வாரமும் ரிப்பேர் என்றாள். அன்றைக்கு உட்காரக்கூடச் செய்யாமல், சுவரைப் பிடித்தபடியே திரும்பிப் போனார். அப்புறம் வரவில்லை.

ஒரு மாசம் கழித்து, அவர் மகள் தீபா வந்தாள். அம்மாவின் ஸ்கேன், பழைய சீட்டு எல்லாம் வேண்டும் என்றாள். கோயம்புத்தூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். இப்போது எழுந்து உட்காரவே இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறதாம். டிஸ்க் முன்னாடியே மோசமாகத்தான் இருந்தது, மசாஜ் வலியை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தது என்று அங்கே சொன்னார்களாம்.

ஆரிபா ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். தீபா வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"நீங்கதானுங்க ஆரிபா?"

"ஆமா."

"இப்ப உங்க கட்டைவிரல் எப்படி இருக்குங்க?"

ஆரிபா சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எட்டு வருஷமாக அமுக்கி அமுக்கி அவளுடைய வலது கட்டைவிரல் ஆறு மாசமாக மடங்குவதில்லை. வீட்டில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், சென்டருக்கு வரும்போது அவிழ்த்துவிடுவாள். டாக்டருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கீர்த்தனாவுக்கும் தெரியாது.

"உங்களுக்கு... யாரு சொன்னா?"

"அம்மாதானுங்க. 'அமுக்கும்போது அந்தப் புள்ள விரல் நடுங்குது. வெளிய தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுருவாங்க, அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மறைக்குது. பார்க்கறவங்களுக்குத் தெரியாது, என் முதுகுக்குத் தெரியுது'ன்னு சொல்லுச்சுங்க."

ஆரிபா ரோபோ அறையின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

தீபா ஃபைலைப் பைக்குள் வைத்தபடியே சொன்னாள். "மிஷின் ரிப்பேர்னு ரெண்டு வாட்டி திரும்பி வந்தப்ப, கையாலயாவது பண்ணிட்டு வரக்கூடாதான்னு நான் சத்தம் போட்டேனுங்க. 'அந்தப் புள்ள கையை நோகடிச்சு நான் நல்லாகோணுமா'ன்னு கேட்டுட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு."