கப்பல் போகும் வழி

நியூசிலாந்தின் ஹென்டர்சனில் ரவிசங்கர் வீட்டு ஹாலில், நீள சோபாவில் ரவிசங்கரும் அவர் மனைவி ரத்னாவும், ஜன்னலோரம் வசந்தமலர், சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் விநாயகமூர்த்தி, பேனாவும் கையுமாக.

ஜப்பானின் பழைய அணு எரிபொருளை மறுசுத்திகரித்த இங்கிலாந்து, மிஞ்சிய கழிவை இவ்வளவு காலம் கிடங்கில் வைத்திருந்தது. இப்போது திருப்பி அனுப்புகிறது. கப்பல் நியூசிலாந்துப் பக்கமாகத்தான் போகிறதாம்.

“சும்மா கெடந்ததை அனுப்பச் சொன்ன புண்ணியவான் யாரு?” என்று கொதித்தார் ரவிசங்கர். “அங்கேயே வச்சுக்கச் சொல்லி எழுதுங்க சார்!”

வசந்தமலர் இருமினாள்.

“எழுதுறன். உந்தச் சனத்துக்கு எதை எப்ப செய்யிறதெண்டே தெரியாது!” என்று சீறினார் விநாயகமூர்த்தி.

கடிதத்தோடு வீடு திரும்பியவரைப் பார்த்து மகள் கஜானி சிரித்தாள். “அப்பா, அனுப்பச் சொல்லி வருஷக்கணக்கா எழுதினது நீங்கள்தானே?”

“நீ அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில குடியிருக்கேக்க எழுதினது. அப்ப ஒருத்தனும் அசையேல்லை. நீ பிள்ளையோட இஞ்ச வந்தாப்பிறகு அனுப்புறாங்கள்!”

உறையை அழுத்தி ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டிக்குள் தள்ளினார்.